கடலுக்கு மயக்க மருந்து

குசினியில் உலை கொதித்துக்கொண்டிருந்தபோது செல்வம் அழைத்தான். நான் தாதியாக இருக்கும் ஒப்பரேசன் தியேட்டரின் உதவியாளன். "மிஸி, பரீனா டொக்டர் மௌத்தாகிட்டாவாம்" என்றான். இறந்த செய்தியை மட்டும் சொல்லிவிட்டு அழைப்பைத் துண்டித்தான். அடுப்பை நிறுத்திவிட்டுக் கதிரையில் இருந்துவிட்டேன். அன்று மத்தியானம் கிண்ணியாவில் மின்சாரம் நின்றிருக்கிறது. கச்சான் காற்று நெருப்பாய் அடித்த நேரம். அவருடைய இதயம் ஏற்கெனவே பலவீனமானது. காற்றாடி நின்ற அறையில் அது தாக்குப்பிடிக்கவில்லை. "வெக்கைதான் உம்மாவைக் கொண்டுபோயிட்டுது" என்று பிறகு அவருடைய மகள் என்னிடம் அழுதா. அந்தச் சொல்லை என்னால் விழுங்க ஏலவில்லை. அந்த வெக்கையோடுதானே அவர் எங்கள் தியேட்டருக்குள் நின்று சண்டை பிடித்தார்!

அவரோடு வேலை செய்தவர்களுக்கு அந்தக் குரலை நான் அறிமுகப்படுத்தத் தேவையில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். அவர் மயக்க மருந்து வைத்தியர். எங்களிடம் ஒரு பழைய பழக்கம் இருந்தது. ஒரு நோயாளியை மேசையிலிருந்து இறக்கி வெளியே கொண்டுபோன பிறகும் மயக்க வாயுவின் குழாயைப் பூட்டமாட்டோம். அடுத்த ஆள் வரும்போது எல்லாம் ஆயத்தமாக இருக்கட்டும் என்றுதான். நாங்கள் தேத்தண்ணி குடித்து முடிக்கும்வரை அது மெல்ல இரைந்துகொண்டே கிடக்கும். கழிவுக் குழாய் வழியாக வெளியேறித் துறைமுகப் பக்கம் போகும். வந்த முதல் கிழமையே கோப்பையைக் கையில் பிடித்தபடி அவர் கத்தினார்:

"ஆருக்கு இந்த மயக்க மருந்து? கடலுக்கா? கடலுக்கு என்ன ஒப்பரேசன் செய்யப் போறீங்க?"

எல்லோரும் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. கண்ணுக்குத் தெரியாத இந்த வாயு, வாகனப் புகையை விடப் பல மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் என்றார். மேலே போனால் எங்களுடைய பேரப்பிள்ளைகளின் காலம் வரைக்கும் இறங்காதாம். எங்கள் சத்திரசிகிச்சை நிபுணருக்குப் பகிடி விடாவிட்டால் பொழுது போகாது. "ஏன் டொக்டர், இந்தச் சின்ன ஆஸ்பத்திரிக் குழாயாலயா உலகம் சுடுது?" என்று கேட்டார். பரீனா கோப்பையை வைத்துவிட்டுச் சொன்னார்: "உலகத்தில உள்ள எல்லா ஆஸ்பத்திரியிலயும் ஒரு ஆள் இருந்து இதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார்."

சிறுபோக அறுவடைக் காலத்தில் தம்பலகாமத்திலிருந்து ஒருவரைத் தூக்கி வந்தார்கள். வயலிலேயே விழுந்தவர். உடம்பு கொதித்தது, ஒரு சொட்டுச் சிறுநீர் இல்லை. அவருக்கு மூச்சுக் குழாய் போடப் பரீனாவை வார்டுக்குக் கூப்பிட்டார்கள், நானும் போனேன். பனிக்கட்டியை ஒத்தி ஒத்திப் பார்த்தோம். பொழுதுபடமுன் ஆள் போய்விட்டார். மனைவி தலையில் அடித்துக்கொண்டு, "வருத்தம் ஒண்டும் இல்லாத மனுசன் மிஸி, வெயிலுக்குள்ளதானே நிண்டவர்" என்று என்னைப் பிடித்து உலுக்கினா. தியேட்டருக்குத் திரும்பினோம். கதவடியில் பரீனா நின்று, "இந்த வெக்கையில எங்கட பங்கும் கிடக்கு, மிஸி. ஒரு கையால ஆளைக் காப்பாத்திறம், மற்றக் கையால வார்டுக்கு ஆள் அனுப்புறம்" என்றார். அன்றைக்கு எனக்கு உடம்பு கூசியது. இன்றைக்கும் கூசுகிறது.

அதன் பிறகு அவர் ஓயவேயில்லை. குழாயைப் பூட்டு, ஆளில்லாத அறையில் குளிரூட்டியை நிற்பாட்டு, தேவைக்கு மிஞ்சி வாயுவைத் திறக்காதே. கரைச்சல் பிடித்த மனுசி என்று பின்னால் பேசினார்கள். முன்னாலும் பேசினார்கள். நானே ஒருமுறை, "டொக்டர், உங்களுக்கு வாய் நோகாதா?" என்று கேட்டனான். "நோகும். நீங்க பூட்டினா நான் ஏன் கதைக்கிறன்?" என்றார்.

பிறகு அவருக்கே பித்தப்பையில் கல். பலவீனமான இதயத்தோடு அதே மேசையில் படுத்தார். பயம் முகத்தில் தெரிந்தது. என் கையை விடவேயில்லை. ஆனாலும் வாய் சும்மா இருக்குமா? மயக்க மருந்து கொடுக்க வந்த புது டொக்டரிடம், "எனக்கு வேண்டியதை மட்டும் தாங்க, மிச்சத்தைக் கடலுக்குக் குடுக்காதீங்க" என்றார். எல்லாம் முடிந்து கண் விழித்தபோது நாக்கு இன்னும் குழறிக்கொண்டிருந்தது. தண்ணீர் கேட்கப் போகிறார் என்று குனிந்தேன். "பூட்டியாச்சா?" என்றார். "ஓம் டொக்டர், பூட்டியாச்சு" என்றேன். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

ஜனாஸா எடுக்கமுன் அவருடைய வீட்டுக்குப் போனேன். பின்னேரமாகியும் முற்றத்து மணல் சுட்டுக் கால் வைக்க விடவில்லை. அடுத்த நாள் வேலைக்கு வந்தால், வெக்கையில் விழுந்தவர்களை வார்டு விறாந்தையில் பாய் போட்டுக் கிடத்தியிருந்தார்கள். மூதூரிலிருந்து, சம்பூரிலிருந்து, நாங்கள் பேர்கூடக் கேட்காத இடங்களிலிருந்தெல்லாம் வந்தவர்கள். முதல் நோயாளியை வெளியே கொண்டுபோனதும் எல்லோரும் தேத்தண்ணிக்குப் போனார்கள். யாரும் அவருடைய பேரை எடுக்கவில்லை. மேசை வெறுமையாக இருந்தது. குழாய் இரைந்துகொண்டிருந்தது.

பரீனா டொக்டர், உங்களிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்தக் காதுதான். முன்பு அந்த இரைச்சல் எனக்குக் கேட்டதேயில்லை. போய்ப் பூட்டினேன். அறை அமைதியானது. அப்போதுதான் சுவருக்கு அந்தப் பக்கம், மற்றத் தியேட்டரிலிருந்தும் அதே இரைச்சல் கேட்டது.