மாலையோடு என் முகம்

தாராவியில் பை தைக்கும் கார்கானாவில் எனக்கு வேலை. ஷூட்டிங்குக்குக் கூப்பிட்டால் அன்று லீவு. வாலிப வயதிலிருந்து இப்படித்தான். கல்யாணக் கூட்டத்தில் நின்றிருக்கிறேன். ஆஸ்பத்திரிக் கட்டிலில் போர்த்திப் படுத்திருக்கிறேன். திரையில் என் முதுகு நிறைய வந்திருக்கிறது. முகம் முழுசாக வந்ததில்லை. ஒரு வரி பேசினதில்லை.

என்னோடு கூட்டத்தில் நின்ற சிநேகிதன் இப்போது ஐரோலியில் வாட்ச்மேன். "இங்கயும் வேஷம் போட்டு நிக்கதுதான். என்ன, மாசம் பொறந்தா சம்பளம்," என்பான். எனக்கும் ஐம்பது நெருங்கிவிட்டது. தலை நரைத்ததும் கூப்பிடுவது குறைந்தது.

போன வருஷம் ஏஜென்ட் போன் செய்தார். கூட்டத்துக்கு ஆள் சேர்த்துக் கொடுப்பவர். திருநெல்வேலிக்காரர்.

"வே, சீரியல்ல ஹீரோயினுக்கு அப்பா. உம்ம போட்டோ ஒண்ணு பெருசா எடுத்துக் குடும்."

போட்டோ கேட்பது வழக்கம்தான். பார்த்துவிட்டுத்தான் ஆள் எடுப்பார்கள். மாஹிமில் ஒரு ஸ்டூடியோவில், அங்கே தொங்கிய கோட் ஒன்றை வாங்கிப் போட்டு எடுத்தேன். ஓகே ஆகிவிட்டது என்றார். எங்கே ஷூட்டிங் என்று கேட்டேன். செம்பூரில் ஒரு பங்களா, செவ்வாய்க்கிழமை என்றார். வா என்று அவர் சொல்லவில்லை. அது எனக்கு உறைக்கவில்லை.

என் மனைவி ஷூட்டிங் பார்த்ததே இல்லை. "அப்பா வேஷம்னா பேச்சு இருக்கும்லா. நானும் வாரேன்," என்றாள். பட்டுச்சேலை கட்டினாள். பூ வைத்துக்கொண்டாள்.

பங்களாவுக்குள் போனோம். கூடத்துச் சுவரில் நான் தொங்கினேன். சந்தன மாலை. நெற்றியில் பொட்டு. கீழே விளக்கு.

மனைவி தாலியைப் பிடித்துக்கொண்டாள்.

ஏஜென்ட் ஓடி வந்தார். "நீரு எதுக்கு வே வந்தீரு? போட்டோ போதும்லா. அப்பா செத்துட்டாரு. கதையே அங்கதான் ஆரம்பிக்கி."

மனைவி நேராகப் போனாள். அங்கிருந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினாள். மாலையைக் கழற்றினாள். லைட் பிடித்தவர்கள் அப்படியே நின்றார்கள்.

"தங்கச்சி, இது நடிப்பு," என்றார் ஏஜென்ட்.

"அப்ப உங்க போட்டோவ மாட்டுங்க அண்ணாச்சி. உங்க வீட்டுல பாத்து ரசிக்கட்டும்."

டைரக்டர் சின்ன வயசுக்காரர். என்ன கலாட்டா என்று ஹிந்தியில் கேட்டார். ஏஜென்ட் என் காதில் சொன்னார்: "இது கெட்டா, இனி கூட்டத்துல நிக்கக்கூட உம்மக் கூப்பிட மாட்டாவ."

மனைவி என்னைப் பார்த்தாள். என் முகத்தில் என்ன தெரிந்ததோ. மாலையைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டாள்.

"செத்தவருக்குப் பேச்சு உண்டா?"

"செத்தவரு எப்படிம்மா பேசுவாரு?"

"மக நெனச்சுப் பாக்கையில பேசுவாருல்லா. எல்லா சீரியல்லயும் பேசுதாவ. இவருக்கு ஒரு வரி குடுங்க. நானே மாட்டுதேன்."

ஏஜென்ட் அதை ஹிந்தியில் சொன்னார். டைரக்டர் சிரித்தார். பிறகு கொஞ்சம் யோசித்தார். சரி என்று தலையாட்டினார். 'அழாதே மகளே, நான் உன் கூடத்தான் இருக்கிறேன்.' இதுதான் வரி. ஹிந்தியில் சொல்ல வேண்டும்.

அவள் மாலையைப் போட்டாள். கண்ணை மூடிக்கொண்டு போட்டாள்.

மைக் முன்னால் நின்று பேசினேன். கார்கானாவில் பேசுகிற அதே ஹிந்திதான். குரல் நடுங்கவில்லை. ஓகே என்றார்கள். வீட்டுக்கு வரும்போது பஸ்ஸில் அந்த வரியைத் திரும்பச் சொல்லச் சொன்னாள். சொன்னேன்.

சீரியல் வந்த அன்று பக்கத்து வீட்டுக்காரர்கள் எங்கள் ரூமில் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். ஹீரோயின் அழுதாள். டிவி நிறைய என் முகம் வந்தது. யாரோ விசிலடித்தார்கள். அடுத்து குரல் வந்தது.

கனமான குரல். சுத்தமான ஹிந்தி. எவனோ ஒருவனுடையது.

"அண்ணே, உங்க குரல் டிவில தனியாத் தெரியுதே," என்றாள் பக்கத்து வீட்டுப் பெண்.

"அது இவரு இல்ல," என்றாள் மனைவி.

பிறகு ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். அவள் தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங் கையாலல்லா மாலையப் போட்டேன்," என்றாள்.

அழவில்லை. விளம்பரம் முடிந்தது. டிவியில் மறுபடி என் முகம் வந்தது. மாலையோடு.