அக்காவின் குரலை நம்பாத ஊர்

எங்கள் அக்காவின் முதலாம் ஆண்டு நினைவுத் திருப்பலிக்கு வந்து, இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் தம்பியின் வணக்கம். அக்காவின் சாவை ‘விதி’ என்று சொல்லி எங்களைத் தேற்றினீர்கள். நல்ல மனதோடுதான் சொன்னீர்கள். ஆனால் அது விதி இல்லை. நடந்ததை மறைக்காமல் எழுதிவிட வேண்டும் என்றுதான் பேனாவை எடுத்திருக்கிறேன்.

அக்கா கடலூர் முதுநகரில் பிறந்தார். அப்பாவுக்கு ஐஸ் கம்பெனியில் வேலை, சாப்பாட்டுக்கே இழுபறிதான். அக்கா டியூஷன் எடுத்தே நூலக அறிவியல் படித்து, சிதம்பரத்தில் ஆய்வுக்குச் சேர்ந்தார். “புக்கு அடுக்கறதுக்கு எதுக்குடி டாக்டர் பட்டம்?” என்று பெரியம்மா கேட்காத நாளில்லை. அக்காவின் ஆய்வு புத்தகம் அடுக்குவது பற்றியதே அல்ல. ஒரு செய்தி காதில் விழுந்தால், அது மெய்யா பொய்யா என்று சாதாரண மக்கள் எப்படித் தீர்மானிக்கிறார்கள் என்பது பற்றியது. வீட்டிலும் அதே வேலைதான். “நாளைக்கு பால் வராதாம்” என்று அம்மா சொன்னால் போதும், “யாரு சொன்னா? எப்போ சொன்னாங்க? அவுங்களுக்கு எப்படித் தெரியும்?” என்று பிடித்துக்கொள்வார். “இவகிட்ட வாயத் தொறக்க முடியலையே, ஆண்டவரே!” என்று அம்மா தலையில் அடித்துக்கொள்வார்.

ஆய்வுக்கு அக்கா தேர்ந்தெடுத்தது கொள்ளிடக் கரையில் தாழ்வாகக் கிடக்கும் ஒரு சிற்றூர். ஒருமுறை வெள்ளம் வருகிறது என்று வாட்ஸ்அப்பில் யாரோ கிளப்பிவிட்ட புரளியை நம்பி ஊரே பதறி ஓடியதில், ஒரு பெரியவருக்கு இடுப்பெலும்பு முறிந்துபோனது. அதற்குப் பிறகு அந்த ஊர் நூலகத்தில் மாதம் ஒரு வகுப்பு எடுக்க ஆரம்பித்தார் அக்கா. நூலகத்தைப் பார்த்துக்கொள்ளும் வளர்மதி அம்மா வீடு வீடாகப் போய் ஆட்களைக் கூட்டி வருவார்.

நான் பண்ருட்டியில் செல்போன் கடை வைத்திருக்கிறேன். ஒருநாள் அக்கா கடைக்கு வந்து, “டேய், என் குரல்லயே ஒரு போலி ஆடியோ செஞ்சு குடேன், கிளாஸ்ல போட்டுக் காட்டணும்” என்றார். ஒரு ஏஐ செயலியை வைத்து, ஏதோ பெரிய வித்தை போல உற்சாகமாகச் செய்தேன். “தண்ணி தொறந்துட்டாங்க, எல்லாரும் மேட்டுக்குக் கெளம்புங்க” என்ற வார்த்தைகளும் நான் வைத்தவைதான். அக்கா நூலகத்துக்கு வெளியே நின்றுகொண்டு அதை ஊர் வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்ப, உள்ளே இருந்தவர்கள் அடித்துப் பிடித்து எழுந்தார்களாம். சிரித்துக்கொண்டே உள்ளே போயிருக்கிறார். “பேச்சு விட்டு விட்டு வருது பாருங்க, அதான் போலிக்கு அடையாளம். இனிமே என் குரலே வந்தாலும் நம்பாதீங்க. நான் நேர்ல வந்து சொன்னா நம்புங்க.” இதைக் கேட்டு எனக்குப் பெருமை தாங்கவில்லை. கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டேன்.

கார்த்திகையில் மழை விடாமல் பிடித்தது. மேலே அணையில் வேலை பார்க்கும் பழைய மாணவி ஒருத்தி அக்காவைக் கூப்பிட்டு, தண்ணீர் பெருமளவு திறக்கப்பட்டுவிட்டது என்றாள். அக்கா அவளிடமும் துருவித் துருவிக் கேட்டு, உண்மைதான் என்று உறுதி செய்துகொண்டார். உடனே ஊர்க் குழுவுக்குக் குரல் செய்தி அனுப்பினார். “சூப்பர் மேடம், இந்தத் தடவ ஏமாற மாட்டோம்” என்று பதில் வந்தது, கூடவே சிரிக்கும் பொம்மைகள். அக்கா போன் போட்டார். மழையில் சிக்னல் இல்லை, பேச்சு துண்டு துண்டாகப் போனது. “விட்டு விட்டு வருது, இது போலிதான்” என்று அந்தப் பக்கம் வைத்துவிட்டார்கள். ஊருக்கு ஒலிபெருக்கியில் எச்சரிக்கை சொல்ல வேண்டிய அரசு வண்டியும் வந்து சேரவில்லை.

அக்கா என்னைக் கூப்பிட்டார். “நம்ப மாட்டேங்கறாங்கடா. நான் போறேன்.”

“உனக்கென்ன பைத்தியமா? மாமா வரட்டும், இரு!” என்று கத்தினேன். அக்காவின் கணவரான மாமா அன்று வேலூரில் இருந்தார்.

“நேர்ல வந்தாதான் நம்பணும்னு நான்தானடா சொல்லிக் குடுத்தேன்” என்றார். அக்கா என்னிடம் கடைசியாகப் பேசியது அதுதான்.

ஸ்கூட்டியில் போய்ச் சேர்ந்தபோது பிற்பகல் மணி மூன்று. அவரைக் கண்ணால் கண்டதும் ஒருவர்கூட மறுபேச்சுப் பேசவில்லையாம். மாடு கன்றை அவிழ்த்துவிட்டு, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு எல்லோரும் பள்ளிக்கூட மேட்டுக்கு ஏறிவிட்டார்கள். கடைசித் தெருவில் யாராவது இருக்கிறார்களா என்று பார்த்துவிட்டு அக்கா திரும்பியபோது தரைப்பாலத்தின் மேல் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. மறுநாள் காலையில்தான் அக்காவை எடுத்தார்கள். அந்த ஊரில் வேறு ஓர் உயிர்கூடப் போகவில்லை.

தண்ணீரில் இறங்கித் தேடிய தீயணைப்பு வீரர்களுக்கும் மீனவ உறவுகளுக்கும், அம்மாவை விட்டு அகலாமல் இருந்த எங்கள் தேவாலயப் பங்கு மக்களுக்கும், அக்காவின் ஆய்வைத் தொடரும் சிதம்பரத்துத் தோழிகளுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடன்பட்டிருக்கிறது.

அடக்கத்துக்கு அந்த ஊரே வந்து நின்றது. வளர்மதி அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். “எந்தப் பாவி தம்பி அந்தக் குரலச் செஞ்சு குடுத்தது? அது இல்லன்னா அன்னிக்கு ஃபோன்லயே நம்பியிருப்போமே!”

“தெரியாதுங்கம்மா” என்றேன். அக்காவின் தலைமாட்டில் நின்றுகொண்டு அப்படிச் சொன்னேன்.

அந்தப் பாவி நான்தான், வளர்மதி அம்மா. உங்கள் ஊருக்கான மலர்களைத் தபாலில் அனுப்பவில்லை. ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நானே வந்து நின்று கொடுக்கிறேன். கேட்க வேண்டியதை என் முகத்தைப் பார்த்துக் கேளுங்கள்.