மூன்றாம் குளத்து இறாலும் தேவகியும்

தேவகி இறந்த செய்தி நம் பண்ணையின் வாட்ஸ்அப் குழுவில் வந்தது. அனுப்பியவர் மேனேஜர். "சோதனைகளில் சில தவறுகள் செய்திருந்தாலும் நல்ல மனசுக்காரர்" என்று எழுதி, கீழே வரிசையாகப் பூப்படம் போட்டிருந்தார். நீங்கள் எல்லாரும் கும்பிட்ட கைகளாக அனுப்பினீர்கள். நானும் ஒன்று அனுப்பினேன். பிறகுதான் அந்த வரியைத் திரும்பப் படித்தேன். செத்தவர் மேலும் பழியைப் போட்டு இரங்கல் சொல்கிறவரை என்னவென்று சொல்வது?

கோத்தா திங்கி பக்கத்து நம் இறால் பண்ணையில் நான் லேப் பொறுப்பாளர். தேவகி சோதனை உதவியாளர், ரெங்கம் ஊர்க்காரர். என்னைவிட ஐந்தாறு வயது இளையவர், வாய் மட்டும் மூத்தது. சத்துச் சோதனைக்கு இறால் எடுக்கும்போது நான் பெரியதாக, பளபளப்பானதாகப் பார்த்து எடுப்பேன். விருந்தாளிக்கு வாங்கிப் பழகிய கை. ஒருநாள் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு, "பொண்ணு பாக்கவா வந்திருக்கீங்க, சார்? வலையில என்ன விழுதோ அதுதான் சாம்பிள்" என்றார். அவர் எடுத்தால் மெலிந்தது, ஓடு இளகியது, செவுள் கறுத்தது எல்லாம் கலந்துதான் வாளிக்குள் வரும்.

அந்தச் செவுள் கறுப்பு மூன்றாம் குளத்தில்தான் தொடங்கியது. நுண்ணோக்கியில் பூஞ்சை இழைகள் தெரிந்தன. தேவகி அந்த இறாலையும் நோயில்லாத இரண்டாம் குளத்து இறாலையும் சேர்த்தே சோதித்தார். மூன்றாம் குளத்துச் சதையில் புரதமும் கொழுப்பும் குறைந்து தண்ணீர் கூடியிருந்தது. நம்பாமல் திரும்பத் திரும்பச் செய்யச் சொன்னேன். மூன்று முறையும் அதேதான். "தீனி ஒழுங்கா எடுக்கல. எடுத்ததும் நோயோட மல்லுக்கட்டியே போயிடுச்சு. அப்புறம் உடம்புல எங்க சார் ஒட்டும்?" என்றார்.

மேனேஜருக்கு இது ஒரு விஷயமே இல்லை. "தலையைக் கிள்ளிட்டு பேக் பண்ணுங்க. செவுள் தலையோட போயிடும்லா" என்றார். அந்தச் சரக்கு ஒரு முதியோர் இல்லத்துக்குப் போக வேண்டியது, 'புரதம் நிறைந்தது' என்ற அட்டையோடு. தேவகி விடவில்லை. "விஷம்னு நான் சொல்லல, சார். அட்டையில போட்டிருக்கிற சத்து இதுல இல்லன்னுதான் சொல்றேன். பாவம், வயசானவங்க சாப்பிடறதே நாலு வாய்."

சரக்கு போய்விட்டது. தேவகி கருவியைச் சரியாகக் கையாளவில்லை, அவர் அறிக்கை தப்பு என்று சொல்லி அவரைப் பேக்கிங் பகுதிக்கு மாற்றினார்கள். அங்கே கொடுத்த வேலை இறால் தலையைக் கிள்ளுவது. எவ்வளவு யோசித்துச் செய்திருக்கிறார்கள் பாருங்கள். ஒரு மாதம் கிள்ளிவிட்டு வேலையை விட்டார். கடைசி நாள் லேப் வாசலில் நின்று, "உங்க மேல கோவம் இல்லன்னு பொய் சொல்ல மாட்டேன், சார். இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார். அது ஏன் என்று உங்களில் ஒருவரும் என்னைக் கேட்டதில்லை.

போன வாரம் துக்கம் கேட்கப் பண்டார் தெங்காராவில் அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். மகள் அருகில் வந்தாள். "அம்மா நெஜமாவே தப்பா டெஸ்ட் பண்ணிட்டாங்களா, அங்கிள்? வீட்டுல அதப் பத்தி வாயே தொறக்க மாட்டாங்க." மேனேஜர் இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்திருந்தார். "இப்ப எதுக்கும்மா அதெல்லாம்" என்று நழுவிவிட்டேன். வெட்கமாக இருக்கிறது.

அந்தப் பிள்ளைக்கும் உங்களுக்கும் சேர்த்து இதே குழுவில் சொல்கிறேன். தேவகியின் சோதனை சரி. அவர் அறிக்கையை எடுத்துவிட்டு, இரண்டாம் குளத்து எண்களை மூன்றாம் குளத்தின் பெயரில் எழுதிக் கையெழுத்துப் போட்டவன் நான். மேனேஜர் சொன்னார், நான் போட்டேன். தேவகியின் நினைவாக என்னிடம் என்ன இருக்கிறது என்று கேட்டால், என்னுடைய இந்த வேலைதான். அவர் பெயரைக் கெடுத்துக் காப்பாற்றிக்கொண்டது. இன்னும் அதில்தான் இருக்கிறேன்.