மீன் சருவத்தில் போன கடல் கணக்கு

தொண்ணூறுகளின் நடுவில் ஓர் ஆடி மாதம். பாறசாலையிலிருந்து திருவனந்தபுரம் போகும் பஸ்ஸில் ஒரு பெட்டியைக் கட்டிப்பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். உள்ளே காந்த நாடா. எங்கள் கரையைக் கடல் எப்படி அரிக்கிறது என்று நான் சேர்த்த அளவுகள் முழுவதும் அதில்தான் இருந்தன.

அந்தக் கணக்கைப் போடும் தெம்பு எங்கள் பல்கலைக்கழகக் கம்ப்யூட்டருக்குக் கிடையாது. அப்போதுதான் வெளி மாநிலத்தில் ஒரு சூப்பர் கம்ப்யூட்டர் மையம் தொடங்கி, நாட்டின் எந்தப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளரும் முறை வைத்துப் பயன்படுத்தலாம் என்று சொல்லியிருந்தார்கள். மாதக்கணக்கில் காத்து எனக்கு முறை வந்திருந்தது; திருவனந்தபுரத்தில் ரயில் பிடித்து அங்கே போக வேண்டும். முறை தவறினால் மறுபடி வரிசையின் வாலுக்குப் போக வேண்டும். நகலெடுக்க இன்னொரு நாடாவும் கிடைக்கவில்லை.

அமரவிளை சோதனைச் சாவடியில் பஸ் நின்றது. தமிழ்நாட்டிலிருந்து கடத்திவரும் மலிவு அரிசியைத் தேடி அதிகாரி ஒருவர் ஏறி, மூட்டை முடிச்சுகளை அவிழ்க்க ஆரம்பித்தார். என்னிடம் துறைத் தலைவரின் கடிதம் இருந்தது. ஆனால் அதைப் படிப்பதற்குள் மனிதர் நாடாவை உருவிப் பார்த்துவிடுவாரே என்று பெட்டியை இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டேன்.

பக்கத்தில் ஓர் அக்கா, களியக்காவிளையில் மீன் விற்றுவிட்டுத் திரும்புகிறவர். என் முகத்தை ஒரு தடவை பார்த்தார். மீன் சுமக்கும் அகன்ற பாத்திரமான தன் சருவத்துக்குள் பிளாஸ்டிக் உறையில் ஒளித்திருந்த அரிசிப் பையை உருவிக் காலடியில் வைத்தார். என் பெட்டியைப் பிடுங்கி அந்த உறைக்குள் திணித்து, சருவத்தில் இறக்கி, சாக்கால் மூடிவிட்டார். மீன் தண்ணீரில் என் ஆராய்ச்சி! எனக்கு உயிரே போய்விட்டது.

அதிகாரி மீன் வாடைக்கு மூக்கைச் சுளித்துச் சருவத்தை விட்டுவிட்டார். காலடியில் இருந்த அரிசி மாட்டிக்கொண்டது.

"எனக்க அரியாக்கும் சாரே," என்றார் அக்கா, வெகு சாதாரணமாக. நான் வாயைத் திறக்கப்போனேன். தொடையில் நறுக்கென்று ஒரு கிள்ளு விழுந்தது. அரிசி இறங்கிப்போனது.

பஸ் கிளம்பியதும் அழாத குறையாக, என் பெட்டியில் இருப்பது கடத்தல் பொருளே இல்லை என்றேன்.

"பின்னே எதுக்குப் பிள்ளே அப்பிடி முழிச்சே?" என்று சிரித்தார். "அரி இன்னும் வாங்கலாம். நீ கெட்டிப்பிடிச்சிருந்தத கண்டா, இனி கிட்டாத சாதனம்னு தோணிச்சு."

உள்ளே என்ன இருக்கிறது என்று விளக்கினேன். அவர் சிரிப்பு நின்றது.

"எங்க பூவார் கடலும் உண்டா அதில?"

"உண்டு அக்கா."

"எங்க வரிசையில ரெண்டு வீடு போயாச்சு மக்கா. அடுத்தது எனக்க வீடாக்கும்."

பெட்டியை எடுத்து, முந்தானையால் மூலைமூலையாகத் துடைத்து, நெய்யாற்றின்கரையில் இறங்கும்வரை தன் மடியிலேயே வைத்திருந்தார். உள்ளே ஒரு சொட்டு ஈரம்கூட இல்லை.

நாடா பழுதில்லாமல் ஓடியது. கணக்கும் முடிந்தது. கல் போட்டுக் கரையைக் காக்க வேண்டிய இடங்களில் பூவாரும் இருப்பதாக அரசுக்கு எழுதிக் கொடுத்தேன். அந்த மையத்தில் எத்தனையோ மாநிலத்து ஆராய்ச்சியாளர்களோடு வரிசையில் உட்கார்ந்திருந்தபோது, இந்த இயந்திரம் எங்களைப் போன்ற படித்தவர்களுக்கு மட்டும் பொதுவானது இல்லை, அந்த அக்காவுக்கும் சொந்தம் என்று முதல்முறையாகத் தோன்றியது. அன்றிலிருந்து எந்தக் கணக்கைப் போட்டாலும், இது யாருடைய வீட்டு வாசலில் போய் முடியும் என்று ஒரு தடவை யோசிக்காமல் என்னால் இருக்க முடிவதில்லை.