நடுவில் நின்ற உருளை

என் சித்தப்பா ஒரு துருப்பிடித்த பாய்லரைத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தபோது அப்பா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஏதோ விடுதியில் வெந்நீர் போட வைத்திருந்த பாய்லர் அது. விடுதியை மூடியதும் பழைய இரும்புக்கடைக்கு வந்திருக்கிறது. ஒரு ஆள் உள்ளே படுத்துக்கொள்ளலாம் போல நீளமாக, உருண்டையாக இருந்தது.

“எதுக்குடா இது?” என்றார் அப்பா.

“மேய்ச்சல் நிலத்துக்குண்ணே. உருளை பண்ணப்போறேன்.”

“மாடு மேயறதுக்கு எதுக்கு உருளை?”

சித்தப்பா சிரித்துவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு பக்கத்திலிருந்த தன் வீட்டுக்குள் போய்விட்டார். அந்தச் சிரிப்புதான் வினையாகிப் போனது. உள்ளே வந்த அப்பா அம்மாவிடம், “பதில் சொல்லாம சிரிக்கிறான் பாரு. தரையைச் சமப்படுத்தி பிளாட் போட்டு விக்கப்போறான். அதுக்கு முன்னாடி நான் நடுவுல வேலி போட்டுடறேன்,” என்றார்.

எங்கள் இரண்டு வீடுகளுக்கும் பின்னால் இருக்கும் மேய்ச்சல் நிலம் பத்திரத்தில் அப்பாவுக்குப் பாதி, சித்தப்பாவுக்குப் பாதி. தரையில் யாரும் அளந்து பார்த்ததில்லை. எங்கள் ஒரு மாடும் அவருடைய மூன்று மாடுகளும் ஒன்றாகவே மேய்ந்தன. தண்ணீர்த் தொட்டியும் குழாயும் எங்கள் பக்கம். மரங்களும் நிழலும் அவர் பக்கம். வேலி விழுந்தால் எங்களுக்கு நிழல்தான் போகும். அவருக்குத் தண்ணீர் போய்விடும். பால் விற்றுத்தான் அவர் வீட்டில் அடுப்பு எரிகிறது. தண்ணீர் இல்லையென்றால் மாடுகளை விற்பதைத் தவிர அவருக்கு வேறு வழியில்லை.

அப்பா தராசு பழுது பார்ப்பவர். தட்டுக்கு அடியில் ஒட்டிய காந்தம், துளையிட்டு உள்ளே மெழுகு அடைத்த எடைக்கல் என்று ஆயுள் முழுக்கப் பிறர் திருட்டைப் பிரித்துப் பார்த்தவர். வீட்டுக்கு வந்தாலும் கை சும்மா இருக்காது. “நீங்க தலையணையைக்கூடத் தட்டிப் பார்த்துட்டுத்தான் படுக்கறீங்க,” என்பாள் அம்மா.

சித்தப்பா தண்ணீர் லாரி ஓட்டியவர். பாதி வழியில் தண்ணீரை விற்றுவிடுகிறார் என்று சொல்லி அவரை வேலையிலிருந்து அனுப்பிவிட்டார்கள். விற்றாரா இல்லையா என்று அவர் யாரிடமும் சொன்னதில்லை. அப்பாவும் கேட்டதில்லை. கேட்காமலே ஒரு முடிவுக்கு வந்துவிட்டார் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

“நீ போய்ப் பாரு. படிச்ச பொண்ணு கேட்டா மறைக்க மாட்டான்,” என்றார் அப்பா என்னிடம்.

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள் நான். வேலைக்கு விண்ணப்பம் போட்டுக்கொண்டே வீட்டில் இருந்தேன். படிப்பை நம்பி வீடு எனக்குக் கொடுத்த முதல் வேலை இதுதான். ஒத்தாசைக்குத்தானே போகிறோம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் ராத்திரி சோற்றுத் தட்டின் முன்னால் எல்லாவற்றையும் ஒப்பிக்கப் போகிறவளின் ஒத்தாசைக்கு என்ன பெயர் என்று எனக்கே விளங்கவில்லை.

சித்தப்பா பாய்லரின் ஓட்டைகளை இரும்புத் தகடு வைத்து அடைத்தார். ஒரு சரக்கு ஆட்டோவின் பழைய அச்சை இரண்டாக வெட்டி, இரு முனைகளிலும் நடு மையம் பார்த்து வைத்தார். வெல்டிங் பட்டறைக்காரர் வந்து பற்றவைத்தார். எரிந்துபோன மோட்டாரிலிருந்து பேரிங் கிடைத்தது. பழைய இரும்புக் கட்டிலின் சட்டம் இழுப்பதற்கான கைப்பிடியாக மாறியது. நான் பிடிக்கச் சொன்னதைப் பிடித்தேன், தேய்க்கச் சொன்ன இடத்தில் துருவைத் தேய்த்தேன்.

“எதுக்கு சித்தப்பா இவ்வளவு கஷ்டம்?”

“மழையில மாடு மிதிச்ச குழியெல்லாம் அப்படியே காஞ்சு கல்லா நிக்குது. செவலை அதுல காலை விட்டு நொண்டுது. சினை மாடு, விழுந்துட்டா எழுப்ப முடியாது. இப்ப ஒரு தூறல் போட்டிருக்கு. தரையில குதிகாலை அழுத்தினா பதியணும், மண்ணு ஒட்டக் கூடாது. அந்தப் பதத்துல உருட்டிடணும். விட்டா மறுபடி கல்லாயிடும்.”

பாய்லரின் ஒரு முனையில் மட்டும் திருகு மூடி ஒன்றை விட்டு வைத்திருந்தார். கான்கிரீட் போட்டு அடைத்துவிடலாமே என்று கேட்டேன்.

“அடைச்சா எப்பவும் ஒரே எடைதான். விதை தூவினா லேசா உருட்டணும், குழின்னா கனமா உருட்டணும். எனக்கு எடை கூடவும் வேணும், குறையவும் வேணும்.”

அன்றைக்குச் சாப்பிடும்போது இதை அப்படியே சொன்னேன். அப்பாவின் கை தட்டிலேயே நின்றுவிட்டது. “எடை கூடவும் குறையவும் வேணுமாமா? என் தொழில்ல அதுக்கு வேற பேரு.”

மறுநாள் சித்தப்பாவே என்னிடம் கேட்டார். “இன்னிக்கு அண்ணன்கிட்ட என்ன சொல்லப்போற?”

எனக்கு முகம் சுருங்கிப்போனது.

“உருளை வட்டமா இருக்குன்னு சொல்லு. அதையாவது நம்பட்டும்,” என்றார்.

பாய்லரில் தண்ணீர் நிரப்பி சித்தப்பா, சித்தி, நான் மூவரும் இழுத்தோம். குழிகளின் விளிம்பு உடைந்து அமுங்கி, புல் படிந்துகொண்டே போனது. நிலத்தின் பாதிக்கு வந்ததும் சித்தப்பா நின்றுவிட்டார்.

“என்ன ஆச்சு சித்தப்பா?”

“இனி உங்கப்பா பக்கம். கேக்காம உருட்டினா, அளந்து பார்க்கறான்னு சொல்லுவார்.”

அவர் சொன்னது நியாயமாகத்தான் பட்டது. திரும்பிப் பார்த்தபோதுதான் விபரீதம் தெரிந்தது. அந்தப் பக்கம் வழவழவென்று, இந்தப் பக்கம் குண்டும் குழியுமாக. நடுவில் நூல் பிடித்தது போல ஒரு கோடு. இத்தனை வருஷம் யார் கண்ணுக்கும் தெரியாத எல்லை இப்போது தெருவில் போகிறவனுக்கும் தெரியும்.

சாயங்காலம் அப்பா வந்து கோட்டின் மேலேயே நின்றார். “நீயே கோடு போட்டுட்ட. எனக்கு அளக்கிற வேலை மிச்சம். காலையில கம்பம் நடறேன்.”

“உருட்டினா அளக்கறேன்னு சொல்லுவீங்க. உருட்டலன்னா பிரிக்கறேன்னு சொல்றீங்க. நான் என்னதாண்ணே பண்றது?”

அப்பா உருளையைத் தட்டிப் பார்த்தார். “மூடியைத் திற.”

சித்தப்பா திறந்தார். தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு வந்து அப்பாவின் வேட்டியை நனைத்தது. அப்பா விரலை நனைத்து முகர்ந்து பார்த்தார்.

“வெறும் தண்ணியா?”

“பால் ஊத்தி உருட்டற அளவுக்கு எங்களுக்கு வசதி இல்லைங்க மாமா,” என்றாள் சித்தி.

நான் சிரிப்பை அடக்க வேறு பக்கம் திரும்பினேன். எங்கள் மாடு சித்தப்பா பக்கத்துச் சமதரையில் மற்ற மாடுகளோடு நின்றிருந்தது. அப்பாவும் அதைப் பார்த்துவிட்டார்.

“ஓ, என் மாட்டையும் இழுத்துக்கறதுக்குத்தான் இந்த வேலையா? கம்பம் அப்புறம். காலையில என் பக்கத்தையும் உருட்டறேன். நான்தான் உருட்டுவேன். நீ கை வைக்கக் கூடாது.”

காலையில், உருளையில் மறுபடி தண்ணீர் நிரம்பும் வரை குழாய் பக்கத்தில் நின்று கண்காணித்துவிட்டு, அப்பா தனியாக இழுத்தார். முகம் சிவந்ததுதான் மிச்சம். உருளை அசையவில்லை. சித்தப்பா கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

“வேடிக்கையா பார்க்கற?”

“கை வைக்கக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க.”

“கயித்தை மட்டும் பிடி. உருளையைத் தொடாத.”

சட்டத்தில் கட்டிய கயிற்றை இருவரும் ஆளுக்கொரு தோளில் போட்டுக்கொண்டு கோட்டை நோக்கி இழுத்து வந்தார்கள். கோட்டருகே அப்பா நின்ற இடத்திலேயே திருப்பப் பார்த்தார். உருளையின் விளிம்பு புல்லை வேரோடு பெயர்த்தது.

“ஒரே இடத்துல திரும்பாதுண்ணே. வளைச்சுத் திருப்பணும். அதுக்கு என் பக்கம் வரணும்.”

அப்பா அவரை ஏற இறங்கப் பார்த்தார். “சரி, வந்து தொலையறேன். திரும்பினதும் வெளிய வந்துடணும்.”

யார் யாரை வெளியே வரச் சொன்னார் என்று எனக்குப் புரியவில்லை. ஒவ்வொரு முறையும் அவர்கள் சித்தப்பா பக்கம் போய் வளைந்து திரும்பினார்கள். ஒவ்வொரு முறையும் அப்பா பின்னால் திரும்பி, எவ்வளவு தூரம் போனோம் என்று பார்த்துக்கொண்டார். வெயில் ஏறியபோது நிலம் முழுக்க ஒரே நிறமாகியிருந்தது. செவலை நொண்டிக்கொண்டே, ஆனால் எங்கும் கால் தடுக்காமல் தொட்டி வரை வந்து, தண்ணீர் குடித்துவிட்டுப் போனது.

நான் மாடி மேலே நின்று கோட்டைத் தேடினேன். கிடைக்கவில்லை.

சாப்பிடும்போது அப்பா தோளைத் தேய்த்துக்கொண்டார். கம்பத்தைப் பற்றிப் பேச்சே இல்லை. என்னிடம், “நடு எங்கன்னு உனக்குத் தெரியுதா?” என்றார்.

“தெரியலப்பா.”

ஒரு கவளத்தை உருட்டினார்.

“அவனுக்குத் தெரிஞ்சிருக்கும்,” என்றார்.