காலுக்கு முந்திய சாட்சி

அந்த மாதங்களில் என் கனவில் கால்கள்தான் வந்தன. முகமில்லாத கால்கள். வரப்பின்மேல் ஒரு கால் தனியாக நடந்து போகும். வாய்க்கால் வந்ததும் தயங்கி நிற்கும். கூப்பிடலாம் என்று வாயெடுப்பேன். ஒரு காலை என்னவென்று கூப்பிடுவது? அந்தக் குழப்பத்திலேயே விழிப்பு வந்துவிடும். ஜன்னலில் வெளுப்பு தட்டியிருக்கும். பக்கத்தில் என் கணவர் இடது காலைப் போர்வைக்கு வெளியே நீட்டியபடி தூங்கிக்கொண்டிருப்பார்.

அந்தக் காலில், ஆவணியில் நாற்றங்காலுக்குச் சேறடித்தபோது நத்தை ஓடு கிழித்த புண். சர்க்கரை உள்ள உடம்பு, ஆறவில்லை. அப்போதுதான் பாபநாசம் போகும் சாலையோரத் திடலில் சுகமளிக்கும் கூட்டம் போட்டார்கள். வரிசையாகக் கட்டிய டியூப்லைட் வெளிச்சம் பக்கத்து வயல் தண்ணீரில் விழுந்து, தரைக்கு மேல் ஒரு கூட்டமும் தண்ணீருக்கு அடியில் ஒரு கூட்டமும் நடப்பதுபோல இருந்தது. வெளியூர் ஊழியக்காரர் ஒருவர் பேசினார்.

"கர்த்தருடைய பிள்ளைக்கு வியாதியும் கிடையாது, தரித்திரமும் கிடையாது. சுகம் வர்ற வரைக்கும் காத்திருக்காதீங்க. வந்துடுச்சுன்னு வாயால சொல்லுங்க. வாய் முன்னால போகட்டும், உடம்பு பின்னால ஓடி வரும்."

நான் பேச்சுக்கு மயங்குகிறவள். நல்ல வார்த்தை யார் சொன்னாலும் முந்தானையில் முடிந்துகொண்டு வீட்டுக்கு வந்துவிடுவேன். இதையும் முடிந்துகொண்டேன். என் கணவரோ அதை மறு ஞாயிறே எங்கள் சின்ன ஆலயத்தில் அவிழ்த்துவிட்டார். சாட்சி சொல்லும் நேரத்தில் எழுந்து நின்று, "ஆண்டவர் என் காலைச் சுகமாக்கிட்டார்" என்றார். எல்லோரும் தோத்திரம் சொன்னார்கள். காலுறைக்குள் புண் ஈரமாக இருந்தது எனக்கு மட்டும் தெரியும்.

அன்றிலிருந்து மாத்திரையும் நின்றது, கட்டுப் போடப் போவதும் நின்றது.

"என்னங்க, மாத்திரையாவது போடுங்களேன்."

"சாட்சி சொல்லிட்டேனே. இப்போ போய் டாக்டர்கிட்ட நின்னா ஆண்டவரைப் பொய்யராக்கின மாதிரி ஆகாதா?"

எனக்கு வேதம் தாய்வீட்டு வழி வந்தது. அவர் கல்யாணத்துக்குப் பிறகு வேதத்துக்கு வந்தவர். அவருடைய அண்ணன் அப்படியே பிள்ளையாரோடு இருந்துவிட்டார். பக்கத்து வயல்தான் அண்ணனுக்கு. தம்பியின் சாமி என்ன செய்கிறார் என்று அவர் பார்த்துக்கொண்டே இருப்பதாக என் கணவருக்கு ஓர் எண்ணம். அண்ணனுக்கு முன்னால் நொண்டக்கூடாது என்பது அவருக்கு ஏறக்குறைய பத்துக் கட்டளைகளுக்கு மேல் பதினோராம் கட்டளை.

"என்னடா, கால் சரியாப் போச்சாமே?" என்றார் அண்ணன் ஒரு நாள், வாய்க்கால் கரையிலிருந்து.

"ஆமாண்ணே."

"அப்ப வரப்புல ஏன் தவளையாட்டம் வர்ற?"

"வரப்பு வழுக்குது."

"எனக்கும் அதே வரப்புதான்டா." பிறகு என் பக்கம் திரும்பினார். "ஏம்மா, இவன் சாமி இவனுக்கு மட்டும் தனியா வெளைச்சல் குடுக்குமாம்ல? ஒரே வாய்க்காத் தண்ணி. மடையில நின்னு பேர் கேட்டுக்கிட்டா உள்ள விடுது?"

நான் சிரித்துவிட்டேன். என் கணவர் சிரிக்கவில்லை.

கார்த்திகையில் மழை பிடித்தது. மூன்றாம் நாள் நான் கரையில் நின்று பார்த்தேன். பச்சையெல்லாம் போய், வானத்தைக் கீழே விரித்துப் போட்டதுபோல ஒரே வெள்ளை. கொக்குகள் எதன்மேல் நிற்கின்றன என்றே தெரியவில்லை. எது எங்கள் வயல், எது அண்ணனுடையது என்று வரப்பைத் தேடினேன், கண்ணுக்கு அகப்படவில்லை. பயமாக இருந்திருக்க வேண்டும். ஆனால் எனக்கு என்னவோ மனம் இலேசானது. இந்தத் தண்ணீர் யார் வேதக்காரர் என்று பார்க்கவில்லை. அதனால் ஆண்டவர் எங்களைக் கைவிட்டார் என்றும் எனக்குத் தோன்றவில்லை. அப்படியானால் இந்தப் புண்ணும் இந்தத் தண்ணீரைப் போலத்தானே?

வீட்டுக்குப் போனேன். அவர் கட்டிலில் காலைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசி இரண்டு விரல்கள் கறுத்திருந்தன.

அந்த ஞாயிறு சாட்சி நேரத்தில் நான் எழுந்தேன். எங்கள் ஆலயத்தில் புருஷன் சொன்னதை மனைவி எழுந்து மறுத்ததில்லை. "என் வீட்டுக்காரர் காலு ஆறலைங்க. விரல் கறுத்துப்போச்சு. ஆஸ்பத்திரிக்குப் போகணும், ஜெபம் பண்ணிக்குங்க" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. தன் காலுறையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆராதனை முடிந்து எல்லோரும் போனபின் ஐயர் வந்து அவர் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தார். எங்கள் பக்கம் போதகரை ஐயர் என்றுதான் கூப்பிடுவோம்.

"எனக்கும் சர்க்கரைதாங்க. ஊசி போட்டுக்கிட்டுத்தான் பிரசங்கத்துக்கே ஏறுறேன்" என்றார் ஐயர்.

"நீங்க சாட்சி சொல்லலையே ஐயரே. நான் சொல்லிட்டேன். இப்போ போனா நான் பொய்யன்."

"ஆகிட்டுப் போங்க. பொய்யனா நடந்து வாங்க, போதும். உண்மையுள்ளவரா உங்களைத் தூக்கிட்டு வர எங்களுக்குத் தெம்பு இல்லை."

என் கணவர் காலுறையை மேலே இழுத்துவிட்டுக்கொண்டார். அப்புறம், "சுகம் தர்றேன்னு ஆண்டவர் சொல்லலையா?" என்று கேட்டார். சின்னப் பிள்ளை கேட்பதுபோல இருந்தது.

"சில பேருக்குத் தந்திருக்கார். எல்லாருக்கும்னு நான் வாக்குக் குடுக்க மாட்டேன். கூட இருக்கேன்னு சொன்னார். அதை மட்டும் தைரியமாச் சொல்லுவேன்."

வெளியே வந்தால் அண்ணன் ஆட்டோவோடு நிற்கிறார். யார் சொல்லி விட்டார்களோ. "ஏறுடா. உன் சாமிகிட்ட நான் பேசிக்கிறேன்" என்றார். தஞ்சாவூர்வரை இரண்டு பக்கமும் தண்ணீர். ஆட்டோ போகிறதா மிதக்கிறதா என்று தெரியவில்லை. அண்ணன் தன் மடியில் தம்பியின் காலைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். நாற்றம் தாங்காது, ஆனால் அவர் முகத்தைத் திருப்பவில்லை.

கறுத்த விரல்கள் இரண்டும் போயின. பாதம் தப்பியது. கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் விரல்களும் தப்பியிருக்கும் என்றார் டாக்டர். என் கணவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்.

மறுநாள் மத்தியானம், வார்டில் வெயில் சாய்ந்து விழுந்திருந்த நேரம், மயக்க மருந்தின் மிச்சத்தில் அவர் ஜெபம் பண்ணினார். வழக்கமாக அவருடைய ஜெபம் நீளமானது. விளைச்சல், சுகம், கடன், மாடு என்று ஒவ்வொன்றாய்க் கேட்பார். அன்று எதுவும் கேட்கவில்லை. கண்ணை மூடியபடி, "ஆண்டவரே, இங்கேயே கொஞ்சம் உக்காருங்க" என்றார். சொன்னவர் தூங்கிப்போனார்.

கட்டிலருகே பிளாஸ்டிக் டம்ளரில் டீயோடு அண்ணன் உட்கார்ந்திருந்தார். இருந்த ஒரே நாற்காலி அது. அவர் தம்பியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு டீ சிந்தாமல் மெல்ல எழுந்து, சுவரோரம் போய் நின்றுகொண்டார்.