சுகந்தியின் பல் முரசு

போன புதன்கிழமை, இருட்டுப்படும் நேரம், கொழும்பு கொட்டாஞ்சேனையில் ஒரு சிப்பாய் என் பெறாமகளை வாயைத் திறக்கச் சொன்னான். அவள் திறக்கவில்லை.

சுகந்தி என் தங்கையின் மகள். கனடாவில் கலியாணம் பேசி, விசாவுக்காக யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, வெள்ளவத்தையில் எங்களோடு இருக்கிறாள். சிரித்தால் பல்லைவிட மேல் முரசுதான் — அதாவது ஈறு — கூடத் தெரியும். மாப்பிள்ளை வீட்டார் ஒன்றும் சொல்லவில்லை. இவளுக்குத்தான் மனக்குறை. “வெட்டிச் சரிப்படுத்தலாமாம் பெரியம்மா” என்று ஒரே நச்சரிப்பு.

கொட்டாஞ்சேனையில் ஒரு முஸ்லிம் லேடி டொக்டர் இருக்கிறார். அங்கே கூட்டிப் போனேன். உடனே கத்தியை எடுப்பார் என்று பார்த்தால்... கேள்விதான் கேட்டார். ‘இருக்க’, ‘இருந்தார்’ என்பதெல்லாம் அவர் பேச்சில் ‘ஈக்க’, ‘ஈந்தார்’.

“பிரஷ் பண்ணக்குள்ள ரத்தம் வருதா?”

“ஓம் டொக்டர். அதாலதான் அந்த இடத்தில தேய்க்கிறதை விட்டிட்டன்.”

“எல்லாரும் செய்ற வேலைதான். நீங்க உட்டதாலதான் ரத்தம் வருது. அந்த இடத்தைத்தான் மெதுவா, நல்லாத் தேய்க்கணும். முரசு வீங்கி ஈக்கக்குள்ள நான் வெட்ட மாட்டேன்.”

அழகு தேடிப் போனவளை ஆரோக்கியத்தோடு வா என்று திருப்பிவிட்டார். அதற்கு முன் பல்லில் படிந்த ஊத்தையைச் சுரண்டி எடுத்தார். சில வாரங்களில் இரத்தம் நின்றது. வீக்கமும் பாதி வற்றியது. மிச்சத்தைத்தான் போன புதன் வெட்டினார். காயத்தின் மேல் இளஞ்சிவப்பு மருந்துப் பசையை அப்பி, “ஒரு கிழமைக்கு இது ஈக்கட்டும். இண்டைக்குக் கதைக்க வாணாம்” என்றார்.

டொக்டரின் வாசலிலேயே திரீவீலரில் ஏறினோம். அடுத்த சந்தியில் சோதனைச்சாவடி. இறங்கச் சொன்னார்கள்.

கொழும்பில் எங்கள் பழக்கம் தெரியும்தானே? சிங்களம் தெரிந்தவர் மட்டும் கதைப்பார். மற்றவர்கள் வாயே திறப்பதில்லை. அதுவும் யாழ்ப்பாண விலாசம் உள்ள பிள்ளை என்றால் சொல்லவே வேண்டாம். சிப்பாய் அடையாள அட்டையை வாங்கிக்கொண்டு சுகந்தியிடம் கேட்டதற்கெல்லாம் நான் முந்திக்கொண்டு பதில் சொன்னேன். பெயர் — நான். ஊர் — நான். எங்கே போகிறோம் — அதுவும் நான். ஆபரேஷனை மட்டும் சொல்லவில்லை. ஏன் வீணாகக் கதையை வளர்ப்பான் என்ற கெட்டித்தனம்!

அவன் என்னை விட்டுவிட்டு அவளையே பார்த்தான். டோர்ச்சை அடித்து, வாயைத் திற என்றான். டொக்டர் சொன்னதை நினைத்தாளோ, பயந்தாளோ, மாட்டேன் என்று தலையாட்டினாள். அதட்டியதும் திறந்தாள். உள்ளே முரசோடு ஒட்டிக்கொண்டு ஏதோ ஒன்று...

இந்தக் காலத்தில் ஒரு தமிழ்ப் பிள்ளையின் வாய்க்குள் எதைத் தேடுவார்கள்? பிடிபட்டால் புலிகள் கடிக்கும் நச்சுக் குப்பியைத்தான். துவக்குகள் நிமிர்ந்தன. எனக்குத் தெரிந்த சிங்களமெல்லாம் மறந்து போனது. பொலிஸுக்குச் சொல்லுங்கள் என்று ஒருவன் சொன்னது மட்டும் விளங்கியது. கொண்டுபோனால் எப்போது விடுவார்கள்? விசா என்னாகும்? பிள்ளை என்னாவாள்? தங்கைக்கு நான் என்ன சொல்வேன்?

திரீவீலர்காரர் ஒரு சிங்களவர். வண்டியைத் திருப்பிக்கொண்டு போனதைக் கண்டேன். யாரைக் குறை சொல்வது, அவருக்கும் பயம் இருக்கும்தானே என்று நினைத்தேன். அவரோ டொக்டரை ஏற்றிக்கொண்டு திரும்பி வந்தார்! கையுறையைக்கூடக் கழற்றாமல் ஓடி வந்திருந்தார் அந்த மனிசி.

நிதானமாக, சிங்களத்தில் சொன்னார்: “இது நான் வைத்த மருந்து. வேண்டுமானால் பிய்த்துப் பாருங்கள். ஆனால் கையைக் கழுவிக்கொண்டு வாருங்கள்.”

சிப்பாய் தன் கையைப் பார்த்தான். பிறகு அடையாள அட்டையைத் திருப்பித் தந்தான். போகலாம் என்றான்.

நாங்கள் ஏறப் போக, அவன் டொக்டரிடம் குரலைத் தாழ்த்தி ஏதோ கேட்டான். அவர் அவனுடைய டோர்ச்சை வாங்கி அவன் வாய்க்குள்ளேயே அடித்துப் பார்த்தார். அவனுக்கும் தேய்த்தால் இரத்தம் வருகிறதாம். அவனும் அந்த இடத்தை விட்டுவிட்டுத்தான் தேய்க்கிறானாம். முரசுக்கு ஏது இனம்?

மறுநாள் டொக்டருக்கு ஃபோன் பண்ணினேன். நன்றி சொல்லும்போதே அழுதுவிட்டேன்.

“எனக்கு எதுக்கு நன்றி?” என்றார். “நேத்து நாற்காலியில ஒருத்தர் ஊசி போட்டு, வாய் விறைச்சுப் போய் ஈந்தார். பல்லுப் புடுங்க. திரீவீலர்காரர் வந்து சொன்னதும், போங்க போங்க எண்டு கையக் காட்டி அனுப்பினதே அவர்தான். நான் திரும்பி வரக்குள்ள விறைப்பெல்லாம் எறங்கி, மறுபடி ஊசி.”

யாரென்று டொக்டர் சொல்லவில்லை. ஐயா, இதைப் படிக்கிறீர்களா? எங்கள் பிள்ளைக்காக நீங்கள் வாங்கிய அந்த இரண்டாவது ஊசிக்கு — நன்றி.